என் பேரில் இருந்த மன்றம்

அருப்புக்கோட்டையில் மாணவர் மன்றம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அது பதினொரு வருசம் என் பேரில் இருந்தது. நான் மாணவன் இல்லை. ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றவன்.

தம்பியைப் படிக்க வைக்கத்தான் மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லுவாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குக் கணக்கு வராது. கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் கால் வைத்தாலே முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அப்பா தவறிப்போனது எனக்கு ஒரு சாக்கு. பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அவனுக்குப் படிப்பு தானாக வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கும் விருதுநகருக்கும் போய்க் காலேஜில் படித்தவர்கள் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். லீவுக்கு வந்தால் அவர்களுக்கு உட்கார இடம் இருக்காது. வீட்டில் தறி ஓடும், அல்லது சரக்கு மூட்டை கிடக்கும். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தால், படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதனால் மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தலைவர், செயலாளர் எல்லாம் இருந்தார்கள். இடம்தான் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பருத்தி வியாபாரி பொதி அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி சும்மா கிடந்தது. நாலு பக்கமும் உயரமான சுவர், ஜன்னலே கிடையாது, பாதிக் கூரை விழுந்திருந்தது. உள்ளே கருவேலமுள் மண்டிப்போய்த் தேள் கிடக்கும். பையன்கள் போய்க் கேட்டார்கள். அவர் தருகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் பத்திரத்தில் யார் பேரை எழுதுவது என்பதில் பேச்சு நின்றுபோனது.

"மன்றத்துப் பேருக்கே எழுதிக் குடுங்க முதலாளி" என்றான் செயலாளராக இருந்த பையன்.

"மன்றத்துக்குக் கை இருக்காப்பா, ரேகை வைக்க?"

"அப்ப என் பேருக்கு எழுதுங்க."

"இந்த வருசம் நீ செயலாளர். அடுத்த வருசம் வேற ஒருத்தன். படிச்சு முடிச்சிட்டு நீ மெட்ராஸுக்குப் போயிருவ. நாளைக்கு ஒண்ணுன்னா உன்னை நான் எங்கிட்டுப் போய்த் தேடுவேன்? ஊரை விட்டுப் போகாதவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வாங்க."

அவர்களுக்குள் அப்படி ஒருவனும் இல்லை. படிப்பதே ஊரை விட்டுப் போவதற்குத்தானே. கடைசியில் என் தம்பிதான் சொன்னானாம், "எங்க அண்ணன் இருக்காரு" என்று. அன்று சாயங்காலமே நூல் கடைக்கு வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். எதற்கு என்று சரியாகத் தெரியாமலே போனேன். ஏதோ தப்பு செய்தவனைக் கூட்டிப் போவது மாதிரி இருந்தது.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன படிச்சிருக்க?"

"ஏழு, முடிக்கல முதலாளி."

"அப்ப நீதான் சரி. எங்கயும் போகமாட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது தெரியவில்லை.

பத்திரம் பதிந்து கையில் வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. முதலில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். கரையான் வருமே என்று அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு மாற்றினேன். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்று பிறகு பரணில் செருகினேன். தம்பி பார்த்துவிட்டுச் சிரிப்பான். "ஏண்ணே, கட்டடத்தையே எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான். காகிதத்தைப் போய்த் தூக்குவானா?"

கட்டடம் எழும்பியது ஒரு கோடையில். காலேஜ் லீவு அப்போதுதான். ஆனால் கோடையில் எங்கள் ஊரில் தண்ணீர் ஏது. சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் வேண்டும், சுவரை நனைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறெல்லாம் வற்றிச் சேறாகக் கிடந்தது. ஒவ்வொரு மாணவனும் வீட்டிலிருந்து தினம் ஒரு குடம் கொண்டுவரவேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டது அவர்கள், தண்ணீர் சுமந்தது அவர்களுடைய அம்மாமார். ரெண்டு மைல் நடந்து, ஊற்றில் அகப்பையால் கோரிக் கொண்டுவந்த குடிதண்ணீரைப் பையன் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பில் ஊற்றுகிறான் என்றால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? ஒருத்தி வேலை நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏலே, ஓங்கப்பாவுக்குச் சோறு பொங்கத் தண்ணி இல்லலே. நீ இங்க சுவத்துக்குத் தண்ணி காட்டுறியா?"

"சுவரு ஈரமா இருந்தாத்தாம்மா நிக்கும்."

"சுவரு நிக்கும். ஓங்கப்பா நிக்கணும்ல?"

திட்டிவிட்டு, அவளே இடுப்புக் குடத்தில் பாதியை ஊற்றிவிட்டுப் போனாள். அப்புறம் வந்த காலமெல்லாம் அந்தத் தெருப் பெண்களுக்கு மன்றத்தின் மேல் ஒரு பாத்தியதை இருந்தது. வாசலைக் கடக்கும்போது, "இதுல எங்க வீட்டுத் தண்ணி இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

சுவரை உடைத்து மூன்று ஜன்னல் வைத்தோம். மேலே ஓடு வேய்ந்தோம். கடப்பைக்கல் அலமாரி ரெண்டு வந்தது. வாசல் பலகையில் தம்பிதான் எழுத்து எழுதினான், வெள்ளைப் பெயிண்டில், பென்சிலால் கோடு போட்டு. அப்போது அவன் காலேஜில் முதல் வருசம், பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான். திறப்பு விழாவில் பேசியதும் அவன்தான். இந்தக் கட்டடம் தனியாக ஒருவருக்குச் சொந்தம் இல்லை, படிக்க வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம் என்று அவன் பேசியபோது மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்டது. முன் வரிசையில் இருந்த முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "நல்லாப் பேசுறான். கத்துறதுதான் சாஸ்தி" என்றார். நான் கடைசியில் நின்றேன். என் தம்பி என்று ரெண்டு மூன்று பேரிடம் அவர்கள் கேட்காமலே சொன்னேன்.

இந்தக் கட்டடத்தால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று இன்று யாராவது கேட்டால் நான் முதலில் பரீட்சைக் காலத்தைத்தான் சொல்வேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வருகிற பையன்களுக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோவது கட்டாது. பஸ்ஸு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள் மன்றத்தில் தங்குவார்கள். துணிப்பையில் கம்பு, அரிசி, வற்றல், ஒரு அரிக்கேன் விளக்கு. பின்பக்கம் மூன்று கல் வைத்துப் பொங்குவார்கள். ஒரு வீட்டில் குழம்பு, ஒரு வீட்டில் மோர் என்று தெருவிலிருந்து போகும். காலையில் அவர்கள் பரீட்சைக்குப் புறப்படும்போது நான் வாசலில் நின்று, பேனாவில் மை இருக்கா, ஹால் டிக்கெட் இருக்கா என்று ஒவ்வொருவனிடமும் கேட்பேன். "மாமா, நேத்தும் கேட்டீக" என்பார்கள். நேற்று இருந்தது இன்று இல்லாமல் போகலாமே. எனக்கு அப்படித்தான் தோன்றும்.

மற்ற நாளில் பேப்பர் படிப்பார்கள், கேரம் ஆடுவார்கள். பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடக்கும். முகூர்த்த மாசத்தில் வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவார்கள். வெற்றிலைத் துப்பலும் பூச்சரமும் கிடக்கும். வேலைக்கு அப்ளிகேசன் போடத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

மொழிக் கிளர்ச்சி நடந்த வருசம் மாணவர்கள் அங்கே கூடினார்கள். ஊர்வலம் போனது. மறுநாள் இது யாருடைய கட்டடம் என்று விசாரணை வந்தது. காகிதத்தில் என் பேர்தானே. ஒரு பகல் முழுக்க ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை, வையவுமில்லை, சும்மா உட்கார வைத்தார்கள். அதற்கே எனக்கு ஜுரம் வந்துவிட்டது. மத்தியானம் தம்பி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தான். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "என்னாலதானண்ணே உன் பேரு அதுல வந்துச்சு" என்று அழுதுவிட்டான். நான்தான் அவனைச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. அந்த ஜுரத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. என் வாழ்க்கையில் என்னை நினைத்து யாராவது அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தம்பி பி.ஏ. முடித்தான். எங்கள் சொந்தத்தில் முதல் பட்டம். ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தோம். அதற்கப்புறம் வேலை வரவில்லை. ஒரு வருசம், ரெண்டு வருசம், ஆறு வருசம். விருதுநகருக்குப் போய் வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பித்துவிட்டு வருவான். அவனோடு மன்றம் நடத்தினவர்கள் மெட்ராஸ், பம்பாய் என்று போய்விட்டார்கள். முதலாளியும் காலமாகிவிட்டார். புதிதாக வந்த பையன்களுக்கு இவன் வயசான ஆள். ஒரு காலத்தில் அடுத்தவர்களுக்கு அப்ளிகேசன் எழுதிக் கொடுத்த அதே பெஞ்சில் உட்கார்ந்து இவன் தனக்கு எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து மட்டும் அப்படியே அச்சு மாதிரி இருந்தது. கேட்கவேண்டும் என்று நினைப்பேன், என்னப்பா ஆச்சு என்று. கேட்டால் அவனுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று கேட்கமாட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு ஒரு பயம், அவனுக்கு ஒரு ரோசம்.

எழுபத்து மூன்றாம் வருசம் என்று நினைவு. அவனுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஜாதகம் வந்து பொருந்தியது. பெண் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். தம்பி அவளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தான். அந்த ஜாதகம் வந்ததிலிருந்து தினமும் முகச்சவரம் செய்தான், அம்மாவிடம் சிரித்துப் பேசினான். அவன் சிரித்து நாங்கள் பார்த்துப் பல வருசம் ஆகியிருந்தது. இந்த ஒன்றாவது கூடிவரவேண்டும் என்று அம்மா சொக்கநாதர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நடந்தாள்.

பெண் வீட்டார் வீடு பார்க்க வரவேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஏது வீடு. பல குடித்தனம் இருக்கிற ஒரு வளவுக்குள் வாடகைக்கு ரெண்டு அறை. நான், என் மனைவி, அம்மா, தம்பி. தரகர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"டிகிரி இருக்கு, சரி. டிகிரிக்குள்ளயா குடும்பம் நடத்துவாக? அதுனால ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். டவுனுக்குள்ள அண்ணன் பேர்ல ஒரு கட்டடம் கிடக்குன்னேன். அவுக அதைப் பார்க்கத்தான் வாராக."

"அது மன்றத்துக் கட்டடம்ல" என்றேன்.

"பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"பெறகென்ன? நான் பொய்யா சொன்னேன்?"

மறுநாள் நான் கடையை விட்டு வரும்போது தம்பி வழியில் காத்திருந்தான். கூடவே நடந்தான்.

"அண்ணே, ஒரே ஒரு நாளைக்கு. நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஒரு வேலை கிடைச்சிரும். கிடைச்சதும் மாமனார்ட்ட நானே உண்மையைச் சொல்லிருவேன். கட்டடம் கட்டடமாத்தான் இருக்கும். அதுல ஒரு கல்லுகூட எனக்கு வேண்டாம்."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திறப்பு விழாவில் தெருமுனை வரை கேட்கப் பேசியவன் இப்போது எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருக்கலாம். நான், "பார்க்கலாம்ப்பா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் பத்துக்கு எட்டுத் தடவை சரி என்றுதான் பொருள். அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். எனக்கே நான் என்ன சொன்னேன் என்று தெரியாது.

அவர்கள் வர ரெண்டு வாரம் இருந்தது. அந்த ரெண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா நாலு பெரிய ஆட்களோடு வருவார். அவர்கள் முன்னால் இது எங்கள் சொத்து என்று ஒரு தடவை ஆகிவிட்டால் பிறகு ஆகாமல் போகுமா? நாளைக்குக் கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, பெரியப்பா கட்டடத்தில் எங்களுக்கும் பாதி என்று வந்து நிற்பார்கள். கோர்ட்டுக்குப் போவார்கள். பரீட்சைக்கு வருகிற பையன்கள் துணிப்பையோடு தெருவில் நிற்பார்கள். தண்ணீர் ஊற்றிய பெண்கள் என் வாசலில் வந்து கேட்பார்கள். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக யோசித்துக்கொண்டே போனேன். நூல் கட்டை எடை போடும்போது ரெண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

என் மனைவி சொன்னாள்: "கேக்குறது உங்க தம்பி. முடியாதுன்னா அவுக முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா வாயை மூடிட்டுப் பக்கத்துல நில்லுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க."

நான் ரெண்டையும் செய்யவில்லை. பழைய செயலாளர்கள் மூன்று பேருக்குக் கார்டு எழுதினேன், கட்டடத்தை என்ன செய்யலாம் என்று. ஒருவர் உங்கள் இஷ்டம் என்று எழுதினார். ஒருவர் எதையும் அவசரப்பட்டுச் செய்யவேண்டாம், பொங்கலுக்கு வரும்போது பேசுவோம் என்று எழுதினார். மூன்றாமவரிடமிருந்து பதிலே இல்லை. பொங்கல் வரை எனக்குப் பொறுக்காது. அவர்கள் வருவதற்கு ரெண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பரணிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனேன். அடுத்த தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது, இடம் பற்றாமல். அதை நடத்துகிறவரிடம் முதல் நாளே பேசியிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று என் கணக்கு இதுதான். கட்டடம் படிக்கிற பிள்ளைகளுக்கே போய்விடும், இனி அதற்கு ஆபத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி சொல்கிற பொய்யும் அவன் பாட்டுக்கு ஓடிவிடும், அதனால் யாருக்கும் நட்டம் இல்லை. கல்யாணமும் நடந்துவிடும். ஆறுதலாக ஒருநாள் அவனிடம் சொல்லிக்கொள்ளலாம். ரெண்டையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். ஆபீசை விட்டு வெளியே வந்து ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தேன். அவ்வளவு லேசாக இருந்தது மனசு. கணக்கு எனக்கு எப்போதும் வராது என்று முன்னமே சொன்னேன்.

பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி வேண்டும். ஒன்று பள்ளிக்கூடத்து ஆள். இன்னொன்றுக்குப் பத்திரம் எழுதுகிறவர் அங்கே நின்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டார், பாளையம்பட்டியில் மனை வாங்கிப் பதிய வந்தவரை. "அண்ணாச்சி, ஒரு கையெழுத்து." எப்போதும் நடக்கிறதுதான். அவரும் போட்டுவிட்டு, "நல்ல காரியம் தம்பி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எதையெதையோ நினைத்துப் பயந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தம்பி மன்றத்தில்தான் இருந்தான். வெள்ளை அடித்து முடித்திருந்தான். வாசல் பலகையைக் கழற்றி, ஒரு போர்வையில் சுற்றி, பின் அறையில் சாய்த்து வைத்தான். பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாக வைத்தான். என்னை அவன் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. ஜமுக்காளம் விரித்தோம். காராச்சேவும் அல்வாவும் வாங்கித் தட்டில் வைத்திருந்தது. அம்மா புதுச் சேலை கட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பத்து மணி பஸ்ஸுக்கு வருவதாகப் பேச்சு.

பத்து மணி பஸ் வந்துபோனது. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போனது. "திருச்சுழி பஸ்ஸு இன்னைக்கு லேட்டா இருக்கும்" என்றான் தம்பி. சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி உதறி, மறுபடி போட்டுக்கொண்டான். "சாப்பிட்டுட்டு வருவாக போல" என்றாள் அம்மா. ரெண்டு மணி ஆனது. ஒருத்தரும் சாப்பிடவில்லை.

நாலு மணிக்குத் தரகர் தனியாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

"ஏம்ப்பா, என் மானத்தை ஏன் வாங்குறீக? வெள்ளிக்கிழமை கட்டடத்தைத் தானம் எழுதிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை அதைப் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டீகளாமே. சாட்சிக் கையெழுத்துப் போட்டது பொண்ணோட பெரியப்பா. கட்டடம் இல்லேங்கிறதுகூடக் குத்தம் இல்லையாம். ஏமாத்துற குடும்பத்துல பொண்ணு குடுக்கமாட்டோம்னுட்டாக."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. தரகரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் இருந்ததை எடுத்து, வாசலில் விளையாடிய பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தான். ஜமுக்காளத்தை உதறி மடித்தான். பின் அறைக்குப் போய்ப் பலகையை எடுத்துவந்து பழைய ஆணியிலேயே மாட்டினான். கோணலாக இருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்து நேராக்கினான். எல்லாம் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் கேட்டிருப்பேன்."

அவ்வளவுதான். அவன் கேட்டிருப்பான் என்று எனக்கும் தெரியும். அன்றே தெரியும், அவன் கூடவே நடந்து வந்த அந்த வழியிலேயே தெரியும். அவனுக்குப் பயந்து நான் சொல்லாமல் விடவில்லை. என்னால் ஒரு மனுசன் முகம் சுருங்குவதைப் பார்க்கமுடியாது, அதனால்தான். அந்தச் சின்னச் சுருக்கத்தைப் பார்க்கப் பயந்த நான், அவன் முகம் வாழ்நாளுக்கும் என் பக்கம் திரும்பாதபடி செய்துவிட்டேன்.

ஒரு மாசத்தில் அவன் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில் ஆபீசுக்குக் கிளார்க்காகப் போனான். மன்றத்துப் பழைய தோழன் ஒருவன் ஏற்பாடு. நாலு வருசம் முன்னால் கூப்பிட்டபோது, அண்ணனையும் அம்மாவையும் விட்டு வரமாட்டேன் என்று சொன்னவன்தான். போகும்போது அம்மா காலில் விழுந்தான். என்னிடம், "வாரேன்" என்றான்.

மன்றம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் மேல் குறை இல்லை. அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அலமாரிகளை ஓரமாக ஒதுக்கி மூன்றாம் வகுப்பு வைத்தார்கள். பேப்பர் நின்றது. சின்னப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வெளியாட்கள் தங்கக்கூடாது என்றார்கள், அதுவும் நியாயம்தான். அடுத்த பரீட்சைக்குத் துணிப்பையோடு வந்த கிராமத்துப் பையன்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, "மாமா, சாவி?" என்றார்கள். என்னிடம் இல்லை. அந்த வருசம் எங்கள் ரெண்டு அறையில் ஏழு பேரைத் தங்கவைத்தோம். மறு வருசம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை. தெருப் பெண்கள் என்னைக் கேட்கவே இல்லை. கேட்பார்கள் என்று நான் பயந்தது வீண். வாசலைக் கடக்கும்போது சொல்லிக்கொண்டு போவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

ரெண்டு வருசம் கழித்துத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. தம்பிக்குக் கோயமுத்தூர்ப் பக்கத்திலேயே பெண் அமைந்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் பேரைப் போட்டுத்தான் அழைப்பது வழக்கம். அந்த இடத்தில் எங்கள் தாய்மாமன் பேர் இருந்தது. ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். என் பேர் எங்கேயும் இல்லை. உறவுக்காரர்கள் வரிசையில்கூட இல்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "வாசி, வாசி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாமி பேரில் ஆரம்பித்து வாசித்தேன். நாள், நட்சத்திரம், பெண் பேர், பெண்ணின் அப்பா பேர்.

"ஓம் பேரை எங்க போட்டிருக்கான்?"

"கீழ போட்டிருக்கும்மா."

"எங்க, காட்டு."

மாமா பேர் இருந்த வரியைக் காட்டினேன். அம்மா அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "பெரிய எழுத்தாத்தான் இருக்கு" என்றாள். "எம்புட்டுக் கோவம் இருந்தாலும் அண்ணனை விட்ருவானா அவன்." பக்கத்து வீட்டு வாத்தியார் மனைவி வந்தபோது அவளிடமும் பத்திரிகையைக் கொடுத்தாள். "இந்தா பாரு, மூத்தவன் பேரை எப்பிடிப் போட்டிருக்கான்னு." அந்த அம்மா வாசித்தார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "ஆமாக்கா. நல்லாத் தெரியுற மாதிரி போட்டிருக்கு" என்றார்கள்.

அம்மா பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். மாமாவோடு அவளைக் கல்யாணத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். "ஓம் பேரைப் போட்டிருக்கான், நீ வராம எப்பிடிப்பா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். கடையில் லீவு இல்லை என்றேன். அங்கே யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்களோ என்று நாலு நாளும் நூல் கடையில் இருந்தபடியே செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அம்மா திரும்பி வந்தாள். பெண்ணின் நிறம், பந்தியில் போட்ட பதார்த்தம், தம்பி மெலிந்துபோனது எல்லாம் சொன்னாள். பத்திரிகையைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விளக்கேற்றப் போனபோது பார்த்தேன், சாமி படத்துக்குப் பின்னால் அது இல்லை. நான் கேட்கவில்லை.